டைட்டில் கார்டை ஓட்டிவிடாதீர்கள்

"நல்ல படமாப் பார்க்கணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் நான் ஒரு பட்டியல் அனுப்புவேன். நாற்பது படம், ஆண்டு, மொழி எல்லாம் போட்டு. வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர்கூட ஐந்தைத் தாண்டியதில்லை. என் சித்தப்பா மகன் இரண்டாவது படத்திலேயே தூங்கிவிட்டான். மறுநாள், "அண்ணே, அரியர் பேப்பருக்குப் படிக்கிற மாதிரி இருக்கு" என்றான். அவன்மேல் தப்பில்லை. பட்டியலைக் கொடுத்தால் அது பாடத்திட்டம் ஆகிவிடுகிறது.

ஆகவே இங்கே பட்டியல் இல்லை. வட்டார மொழிகளில், பெரிய கம்பெனிகளுக்கு வெளியே படம் எடுப்பவர்களின் உலகத்துக்குள் நுழைய எனக்குப் பலித்த ஒரு வழி மட்டும் இருக்கிறது. படத்தைப் பார்ப்பதோடு, அதற்குக் காசு யார் போட்டது என்றும் பார்த்துப் பழகுவதுதான் அந்த வழி. கேட்பதற்குக் கணக்குப்பிள்ளை வேலை போலத் தெரியும். ஆனால் ஒரு படம் ஏன் இவ்வளவு பொறுமையாக நகர்கிறது, ஏன் பாட்டு இல்லை, ஏன் இந்த முகங்கள் என்ற கேள்விகளில் பாதிக்கு அங்கேதான் பதில் கிடைக்கும்.

முதலில் நம் மொழியில் ஒன்று

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'லில் தொடங்குங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான். 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதற்பரிசான டைகர் விருது வாங்கிய படம், அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். 2023 அக்டோபரில் சோனி லிவ்வில் வந்தது. குடிகார அப்பன் ஒருவன் கோபித்துக்கொண்டு போன மனைவியைக் கூட்டிவரப் பையனையும் இழுத்துக்கொண்டு போகிறான். வரும்போது வெயிலில் நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

அதைப் பார்க்கும் முறைக்கு இரண்டு யோசனை. ஒன்று, போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். சைலண்டில் போட்டுப் பக்கத்தில் வைப்பது போதாது, கை தானாகப் போகும். இரண்டு, முதல் இருபது நிமிடத்தில் "எப்போ கதை ஆரம்பிக்கும்" என்று தோன்றும். தோன்றட்டும். அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள். தாகத்துக்கு வாயில் ஒரு கல்லை அடக்கிக்கொள்வான். அது எதற்கு என்று படம் வாயால் சொல்லாது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காட்சியில் உங்களுக்கே தெரியும்.

படம் முடிந்ததும் டைட்டில் கார்டுக்குத் திரும்பிப் போங்கள். தயாரிப்பு: விக்னேஷ் சிவன், நயன்தாரா. இயக்குநரோ மேலூர்ப் பக்கத்துக்காரர். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பிறகு சென்னையில் டிவிடி கடை வேலை என்று வந்தவர். தன் சகோதரிக்கு நேர்ந்ததிலிருந்து கதையை எடுத்தவர். இவர்கள் எல்லோர் பெயரும் ஒரே திரையில் எப்படி வந்தது? இப்படிக் கேட்க ஆரம்பித்தால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

நட்சத்திரங்களின் காசு தமிழில் இப்போது ஒரு தனிப் பாதையாகவே ஆகியிருக்கிறது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு (2018) விஜய் சேதுபதி, வினோத்ராஜின் அடுத்த படமான 'கொட்டுக்காளி'க்கு (2024) சிவகார்த்திகேயன். இந்தக் காசால் நடக்கும் நல்லது, படம் தியேட்டருக்கு வருகிறது. கூடவே ஒரு சங்கடமும் வருகிறது. 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. சூரி படம் என்று குடும்பத்தோடு வந்திருந்தவர்கள், நான் பார்த்த காட்சியில், கடைசிக் காட்சி சட்டென்று நின்றதும் "அவ்ளோதானா?" என்று சத்தமாகவே கேட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. போஸ்டர் சொன்னது ஒன்று, படம் கொடுத்தது ஒன்று. என்ன மாதிரிப் படத்துக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் அந்த முடிவு வேறு மாதிரி இறங்கும்.

அப்புறம் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பத்து இயக்குநர்களில் தலைக்கு ஒரு படம் பார்ப்பதைவிட, ஒரே ஆளின் மூன்று படங்களைப் பார்ப்பது மேல். நான் எல்லோருக்கும் சொல்லும் பெயர் ரீமா தாஸ். அசாமில் சாய்கான் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். நடிகையாக வேண்டும் என்று மும்பை போனவர், சினிமாப் பள்ளி எதிலும் படிக்காதவர். 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' (2017) டைட்டில் கார்டைப் பாருங்கள்: எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வரும். ஒலிப்பதிவுக்கு மல்லிகா தாஸ், அவரும் சொந்தக்காரப் பெண். நடித்தவர்கள் ஊர்ப் பிள்ளைகள்.

துனு என்ற சிறுமிக்கு ஒரு கிட்டார் வேண்டும். தெர்மோகோலில் வெட்டிய கிட்டாரை வைத்துக்கொண்டு பையன்களோடு சேர்ந்து ஒரு 'பேண்ட்' நடத்துகிறாள். வெள்ளம் வருகிறது. வயலை அடித்துக்கொண்டு போகிறது. அம்மா மறுபடியும் சேமிக்கிறாள்.

இங்கே காசுக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். யூனிட் கிடையாது, வாடகைக் கேமரா கிடையாது, நாள் பேட்டா கிடையாது. அதனால் இவரிடம் காசைவிடப் பெரிய ஒன்று கைநிறைய இருக்கிறது: நாட்கள். வெள்ளத்துக்காகக் காத்திருக்கலாம், மழை விட்ட மறுநாள் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கலாம், பிள்ளைகள் கேமராவை மறக்கும்வரை காத்திருக்கலாம். ஒரு பெரிய தயாரிப்பில் வெள்ளம் என்றால் தண்ணீர் லாரியும் கிராபிக்சும். இந்தப் படத்துக்கு வெள்ளம் தானாகத்தான் வந்தது. மரக்கிளையில் பிள்ளைகள் சும்மா படுத்திருக்கும் காட்சிகளில் வரும் அந்தச் சோம்பலை நாலு நாள் கால்ஷீட்டில் எடுக்க முடியாது.

2018இல் அறிவித்த 65ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படம் இதுதான். அசாமியப் படம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது ஜானு பருவாவின் படத்துக்கு அடுத்து, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து. (அதே ஆண்டு சிறந்த தமிழ்ப் படம் செழியனின் 'டு லெட்'. அதன் தயாரிப்பாளர் அவர் மனைவி பிரேமா. வாடகை வீடு தேடும் குடும்பத்தின் கதையை ஒரு குடும்பமே காசு போட்டு எடுத்திருக்கிறது என்று தெரிந்தபின் எனக்கு அந்தப் படத்தின் அறைகள் இன்னும் சின்னதாகத் தெரிந்தன.)

ரீமா தாஸின் அடுத்த படம் 'புல்புல் கேன் சிங்' (2018). துனுவின் வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அதே ஊர் என்னவாக மாறுகிறது என்று காட்டும். மனசைப் பிசையும், தயாராக இருங்கள். மூன்றாவதாக 2024இல் வந்த 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ் 2' கிடைத்தால் விடாதீர்கள். அதே பனிதா தாஸ், அதே துனு, வளர்ந்த பெண்ணாக. ஏழாண்டு இடைவெளியை மேக்கப் இல்லாமல் திரையில் பார்ப்பது தனி அனுபவம்.

பக்கத்து மொழிகள், சப்டைட்டில்

சப்டைட்டிலைப் பார்த்து மிரள்பவர்களுக்கு நான் தரும் படம் ராம் ரெட்டியின் கன்னடப் படம் 'திதி' (2015). தலைப்புக்கே நமக்கு சப்டைட்டில் வேண்டாம். மண்டியா மாவட்டக் கிராமம் ஒன்றில் நூற்றொரு வயது 'செஞ்சுரி கவுடா' செத்துப்போகிறார். பதினோராம் நாள் காரியத்துக்குள் மகன், பேரன், கொள்ளுப்பேரன் மூன்று பேரும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் படம். நடித்தவர்கள் முழுக்க ஊர்க்காரர்கள். கூட எழுதிய ஈரே கவுடாவுக்கு அதுதான் சொந்த ஊர். சிரித்துச் சிரித்துப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் இரண்டு விருது வாங்கிய படம் என்று முதலிலேயே யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் சிரிக்க மாட்டார்கள்.

சப்டைட்டிலுக்கு ஒரு சின்னப் பயிற்சி: வரியை முழுதாகப் படிக்காமல் ஒரு பார்வையில் அள்ளிக்கொண்டு முகத்துக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டு வரி தவறினால் பின்னால் ஓட்டாதீர்கள். மூன்றாவது படத்தில் கண் பழகிவிடும். மலையாளப் படத்துக்கும் சப்டைட்டில் போட்டுக்கொள்ளச் சொல்வேன். நமக்குப் புரிவதாகத் தோன்றும் இடத்தில்தான் வட்டார வழக்கு காலை வாரும்.

இதற்கு அடுத்து சைதன்ய தம்ஹாணேயின் 'கோர்ட்' (2014), பெரும்பகுதி மராத்தி. ஒரு நாட்டுப்புறப் பாடகரின் பாட்டைக் கேட்டுத்தான் சாக்கடைத் தொழிலாளி தற்கொலை செய்துகொண்டார் என்று வழக்கு. தயாரித்தவர் விவேக் கோம்பர், அவரே பாடகருக்காக வாதாடும் வக்கீலாகவும் நடித்தார். நண்பரின் காசு என்று இதைச் சொல்லலாம். படம் நீதிமன்றத்தை விட்டுவிட்டு அரசு வக்கீல் அம்மாவின் பின்னால் வீடு வரைக்கும் போய்விடும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவார், சமைப்பார். அந்தச் சமையலுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்? எந்தத் தயாரிப்பாளரும் வெட்டச் சொல்லியிருக்கும் காட்சி அது. யாரும் சொல்லவில்லை, ஆகவே இருக்கிறது. படத்தின் உயிரே அங்கேதான் என்பது என் கட்சி.

மறுபடி தமிழுக்கு வந்தால், கோவையில் நடக்கும் அருண் கார்த்திக்கின் 'நசீர்' (2020), திலீப் குமாரின் சிறுகதையிலிருந்து வந்தது. அதில் ராட்டர்டாம் திரைப்பட விழா தரும் ஹூபர்ட் பால்ஸ் நிதியின் பெயரைப் பார்ப்பீர்கள். வெளிநாட்டு நிதியில் எடுத்த படங்கள் வெளிநாட்டு விழாக்களுக்காகவே எடுத்தவை என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. சில படங்களுக்கு அது பொருந்தும். 'நசீர்' அந்த வகை இல்லை. துணிக்கடைச் சேல்ஸ்மேன் ஒருவரின் ஒரு நாளை அத்தனை பிரியத்தோடு கூடவே நடந்து பார்க்கிறது.

கொஞ்சம் பின்னால் போய் வாருங்கள்

இப்போதுதான் பழைய படங்களுக்குப் போகச் சொல்வேன். முதலிலேயே போனால் கறுப்பு வெள்ளையும் கீறல் பிரிண்டும் பயமுறுத்திவிடும்.

கொல்லத்தில் ரவீந்திரநாதன் நாயர் என்று ஒரு முந்திரிப்பருப்பு ஏற்றுமதியாளர் இருந்தார். 'அச்சாணி ரவி' என்பார்கள். அரவிந்தனின் 'தம்பு', 'கும்மாட்டி', அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்', 'விதேயன்' எல்லாம் அவர் போட்ட காசு. உலகம் கொண்டாடும் மலையாள சினிமாவின் ஒரு பெரிய பகுதி முந்திரிப்பருப்பில் நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். 'கும்மாட்டி'யை (1979) பிள்ளைகளோடு பாருங்கள். ஊருக்கு வரும் மாயக்காரக் கிழவன் பிள்ளைகளை மிருகங்களாக மாற்றுவான், ஒரு பையன் மட்டும் நாயாகவே தங்கிவிடுவான். நன்றாக மீட்டெடுத்த பிரதி 2021இல் வந்தது. தேடும்போது அதைத் தேடுங்கள்.

இன்னொரு பக்கம் ஜான் ஆபிரகாம். நமக்கு அவர் 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) எடுத்தவர். தேசிய விருது வாங்கியும் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாகச் சொல்லிக் கைவிட்ட படம். பிறகு கேரளத்தில் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்த் தெருவில் திரை கட்டி சாப்ளினின் 'தி கிட்' போட்டார்கள், பார்த்தவர்களிடம் கையேந்திக் காசு திரட்டினார்கள். அந்தக் காசில் வந்ததுதான் 'அம்மா அறியான்' (1986). இறந்துபோன நண்பனின் சாவைத் தாயிடம் சொல்ல ஒருவன் வயநாட்டிலிருந்து கொச்சிக்குக் கிளம்புகிறான், வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்துகொண்டே வருகிறார்கள். படத்துக்குக் காசு சேர்ந்த விதமும் கதையில் கூட்டம் சேரும் விதமும் ஒன்றே. அடுத்த ஆண்டே ஜான் இறந்துவிட்டார்.

திருவனந்தபுரத்துக்கு ஒரு டிக்கெட்

ஐந்தாறு படம் பிடித்துப்போனால் தயங்காமல் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போங்கள். 1996 முதல் நடக்கிறது, மாநில சலச்சித்ர (திரைப்பட) அகாடமி நடத்துகிறது. வழக்கமாக டிசம்பரில், ஒரு வாரத்துக்கு மேல். தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போவோம். விழாவின் சின்னம்கூட நமக்குச் சொந்தம் கொண்டாட முடிகிற ஒன்று. தோல்பாவைக்கூத்தில் இலங்கையைக் காக்கும் தேவதையாக வரும் லங்காலட்சுமி அது, அந்தக் கூத்தில் பாடுவது கம்பராமாயணம்.

விழாவில் படம் பார்க்க வேண்டிய அனுமதிச் சீட்டான டெலிகேட் பாஸுக்கான பதிவு விழாவுக்குச் சில வாரம் முன்பே இணையத்தில் திறக்கும். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. தினமும் பார்க்கப்போகும் படங்களுக்கு முந்தின நாளே இருக்கை முன்பதிவு செய்ய வேண்டும். திறந்த சில நிமிடங்களில் பெரிய பெயர்கள் நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் மனம் தளராமல் முன்பதிவு இல்லாதவர்களின் வரிசையில் நில்லுங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் உள்ளே போயிருக்கிறேன். மீதி நேரம் வரிசையிலேயே நல்ல சிநேகிதம் கிடைத்திருக்கிறது.

தங்குமிடத்தைத் தம்பானூரில் பாருங்கள். ரயில் நிலையம், பேருந்து நிலையம், கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்கள் எல்லாம் நடை தூரம். டாகோர் தியேட்டர் வழுதக்காட்டில், ஆட்டோ பிடிக்கலாம். முதல் தடவை நான் ஒரு நாளைக்கு ஐந்து படம் என்று திட்டம் போட்டேன். மூன்றாம் நாள் எந்தப் படத்தில் யார் செத்தார்கள் என்றே குழம்பிவிட்டது. மூன்று போதும். பையில் வாழைப்பழமும் தண்ணீரும் இருக்கட்டும், ஹாலுக்குள் ஏசி ஆளை உறைய வைக்கும், ஒரு துண்டோ போர்வையோ வேண்டும்.

எதைப் பார்ப்பது? பிரான்சின் கான் விழாவில் பரிசு வாங்கிய வெளிநாட்டுப் படத்துக்குக் கூட்டம் முட்டும். அந்தப் படம் ஆறு மாதத்தில் ஏதாவது ஓடிடியில் வந்துவிடும். 'இந்தியன் சினிமா நவ்', 'மலையாளம் சினிமா டுடே' பிரிவுகளில் வரும் முதல் பட இயக்குநர்களுக்குப் போங்கள். அவற்றில் பல படங்களை அதற்குப் பிறகு எங்கேயும் பார்க்கக் கிடைக்காது. நான் விட்டுவிட்டு இன்றுவரை தேடிக்கொண்டிருப்பவை எல்லாம் அந்த வகைதான்.

படம் முடிந்து இயக்குநர் மேடைக்கு வந்தால் "இந்தப் படத்தின் மூலம் என்ன சொல்ல வர்றீங்க?" என்று கேட்காதீர்கள். பாவம், அவர்கள் ஊர் ஊராக அதற்குத்தான் பதில் சொல்லிக் களைத்திருப்பார்கள். எத்தனை நாள் எடுத்தீர்கள், சவுண்டு யார் பிடித்தது, அந்தப் பாட்டியை எங்கே கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும்.

உங்கள் காசு

எல்லோர் காசையும் கேட்டோம், நம்முடையதையும் கேட்க வேண்டுமே. டெலிகிராமில் வரும் பிரதி இயக்குநருக்கு ஒரு பைசா தராது. அதைவிட, சப்டைட்டில் நகர்ந்துபோய் ஒலி கரகரத்து, படத்தையே கெடுத்துவிடும். கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய 'சி ஸ்பேஸ்' ஓடிடியில் சந்தா இல்லை. தொடங்கியபோது பார்க்கும் படத்துக்கு மட்டும் 75 ரூபாய் வைத்தார்கள், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. ஒரு தியேட்டர் பாப்கார்ன் விலைகூட இல்லை. சின்னப் படம் ஒன்று உங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தால் வெள்ளி, சனிக்குள் போய்விடுங்கள். திங்கட்கிழமை அது இருக்காது.

நாலு பேரைக் கூப்பிடுங்கள்

கடைசிப் படி, எனக்கு மிகப் பிடித்தது: நீங்களே ஒரு திரையிடல் நடத்துவது. சுயாதீன இயக்குநர்கள் பெரும்பாலும் சமூக ஊடகத்தில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். எந்த ஊர், எத்தனை பேர் வருவார்கள், கட்டணம் உண்டா, திரையிடல் தொகையாக எவ்வளவு தர முடியும் என்று நாலு வரியில் எழுதுங்கள். முப்பது பேர்தான் என்று கூச்சப்பட வேண்டாம். ஓடிடிக்கு உரிமை விற்றுவிட்ட படமென்றால் அவரால் அனுமதி தர முடியாமல் போகலாம், அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இடம் நூலக ஹாலோ கல்யாண மண்டபத்து மாடியோ எதுவாகவும் இருக்கட்டும், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி வேண்டும். புரொஜெக்டரைவிட ஸ்பீக்கருக்கு அதிகம் செலவழியுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுப்பார்கள், வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். முந்தின நாளே அதே லேப்டாப், அதே வயர், அதே இடத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எங்கள் முதல் திரையிடலில் நான் அதைச் செய்யவில்லை. அசாமியப் படம், இருபத்தாறு பேர், சப்டைட்டில் ஃபைல் என் வீட்டுக் கணினியில். ஒருவர் பைக்கில் போய் எடுத்து வரும்வரை கூட்டத்துக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

முடிந்ததும் விளக்கைச் சட்டென்று போடாதீர்கள், கடைசிப் பெயர் ஓடி முடியட்டும். பிறகு நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டு அரை மணி நேரம் பேசுங்கள். யாரும் வாயைத் திறக்காவிட்டால், காசுக் கேள்வியைத் தூக்கிப் போடுங்கள், பிடித்துக்கொள்வார்கள். கிளம்புவதற்குள் அடுத்த மாதத் தேதியைச் சொல்லிவிடுங்கள். மறுநாள் காலையில் இயக்குநருக்குத் தொகையை அனுப்பும்போது எத்தனை பேர் வந்தார்கள், எந்த இடத்தில் சிரித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.